தபால் பெட்டிகளுக்கருகே உடைந்த பூசணிக்காய்

2001 அக்டோபரில் எங்கள் பிளசன்டன் தெருவில் சிலர் கையுறை போட்டுக்கொண்டுதான் தபால் எடுத்தார்கள். நாட்டின் இன்னொரு ஓரத்தில், கடித உறையில் வந்த நோய்க்கிருமிப் பொடியால் ஆட்கள் இறந்திருந்தார்கள்.

ஆயுத பூஜையன்று காலை என் கணவர் வேனுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். ஹாலோவீனுக்காகக் கடையில் குவித்திருந்த ஆரஞ்சுப் பூசணிக்காயில் ஒன்றைத் துளைத்து, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, சூடம் ஏற்றி, வண்டியைச் சுற்றினார். ஊர் வழக்கப்படி முச்சந்தியில் உடைத்தார். மொத்தத் தெருவுக்குமான தபால் பெட்டிகள் அங்கேதான் இருந்தன.

"சாயங்காலம் வந்து கூட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

சிவப்புப் பொடியைப் பார்த்து யாரோ போன் செய்திருக்க வேண்டும்; மதியம் தீயணைப்பு வண்டி வந்தது. உடம்பு முழுக்க மூடிய உடையில் இருவர் குனிந்து பூசணித் துண்டுகளைப் பையில் எடுத்தார்கள். சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டினார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்; வெளியே போகவில்லை. எங்கள் க்ரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் இருந்தது. செப்டம்பரில் கோபுரங்கள் விழுந்த பிறகு கடைகளில் தமிழில் பேசுவதைக்கூடக் குறைத்திருந்தோம்.

கணவர் திரும்பியபோது போலீஸ்காரர் வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா? பேரை கம்ப்யூட்டர்ல ஏத்துவான். அதோட க்ரீன் கார்டு கோவிந்தா."

"தெருவுல குங்குமம் வைக்கிற வீடு வேற எது?"

"அப்ப மொதல்ல உன் நெத்தியைத் துடை."

துடைத்தேன்.

ஆறாம் வகுப்பு மகள் சாப்பாட்டு மேஜையில் பள்ளி ப்ராஜெக்ட் அட்டைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கி.மு. 415-இல் ஏதென்ஸ் நகரம். தலை நிமிராமல் ஆங்கிலத்தில் சொன்னாள்: சிசிலிக்குக் கப்பற்படை புறப்பட இருந்த நேரம். ஒரு நாள் காலையில் பார்த்தால், வாசல்களில் நின்ற கடவுள் சிலைகளின் முகங்கள் உடைந்து கிடந்தன. ஏதோ சதி என்று ஊரே நடுங்கியது. துப்புச் சொன்னவர்களுக்குப் பரிசு, கைகாட்டப்பட்டவர்களுக்குச் சிறை. கடைசியில் சிறையிலிருந்த ஒருவன், எங்கள் கூட்டம்தான் செய்தது என்றான். அவனோடு அடைபட்டிருந்த உறவினர்களை விட்டுவிட்டார்கள்.

"ஸோ ஜஸ்ட் டெல் தெம், அப்பா."

வாசல் மணி அடித்தது. கணவர் இரண்டு கைகளும் தெரியும்படி நின்று கதவைத் திறந்தார். நான்தான் உடைத்தேன், வண்டிக்கான பிரார்த்தனை, அது நெற்றியில் வைக்கும் பொடி என்றார். போலீஸ்காரர் வேனில் இருந்த பொட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். எந்த நாடு, என்ன விசா என்று கேட்டு எழுதிக்கொண்டார். இனி தெருவில் இப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு, நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்.

"விசாவையும் எழுதிக்கிட்டான்" என்றார் கணவர். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் மகளிடம் கேட்டேன்: "ஒத்துக்கிட்டானே, அந்த ஆள் அப்புறம் என்ன ஆனான்?"

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு, வழக்கமில்லாமல், தமிழில் சொன்னாள்: "விட்டுட்டாங்கம்மா. ஆனா பின்னாடி, ஒத்துக்கிட்டவங்க கோயிலுக்கோ சந்தைக்கோ வரக்கூடாதுன்னு ஒரு லா போட்டாங்க. அவன் ஊரை விட்டே போயிட்டான்."

"அட்டையில எழுதலையே?"

"இடம் இல்ல."

"அப்பாகிட்ட சொல்லாதே."

வெளியே அவர் தெருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பூசணியை மதியமே எடுத்துப் போய்விட்டார்கள். சிவப்பு மட்டும் சிமெண்டை விட்டுப் போகவில்லை.