ஞாயிறுதோறும் இறங்கிவிடும் பேட்டரி

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சேலம் சூரமங்கலத்தில், என் வீட்டு வாசலில், பக்கத்து வீட்டு பால்ராஜ் தன் காரின் பேட்டரியிலிருந்து என் காருக்கு வயர் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்படி இரவல் கரண்டில் நான் புறப்படுவது எத்தனையாவது தடவை என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர். “நாமக்கல் போய்ச் சேர்ற வரைக்கும் எங்கயும் ஆஃப் பண்ணிடாதீங்க சார்” என்று மட்டும் சொன்னார். வண்டி உறுமியது, கிளம்பினேன்.

கோளாறு இதுதான். கார் ஓடினால் குறையில்லாமல் ஓடுகிறது. ஞாயிறு பூசைக்குப் போய்வந்து, ஷெட்டில் விட்டு உறையைப் போட்டால், அடுத்த ஞாயிறு சாவியைத் திருப்பும்போது ‘டிக்’ என்கிறது, அதோடு சரி. சேலத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. ஒரு மெக்கானிக் ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொன்னார். இன்னொருவர் என் வயதைக் குற்றம் சொன்னார். லைட்டை அணைக்க மறந்திருப்பேனாம். கண்ணில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எதிர் வெளிச்சம் கூசுகிறது, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிற ஆள் நான். லைட்டையே போடாதவன் எங்கே அணைக்க மறப்பது?

ஹைதராபாத்தில் இருக்கும் மகள் ரீனாவுக்கு இதெல்லாம் அலுத்துவிட்டது. பால்ராஜ் சொன்ன நாமக்கல் எலக்ட்ரீஷியனுக்கும் பிடிபடவில்லை என்றால் காரை விற்றுவிடுவது என்று அவளிடம் ஒத்துக்கொண்டிருந்தேன். வாய்தான் ஒத்துக்கொண்டது. அது என் மனைவி ஸ்டெல்லாவின் கார். மல்லசமுத்திரத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள், தினமும் அதில்தான் போய்வருவாள். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு நாள் வீட்டில் தங்கியதில்லை. யார் வீட்டு விசேஷம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று வண்டியை எடுத்துவிடுவாள். அவள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. சேலைகளைக் கொடுத்துவிட்டேன், மூக்குக்கண்ணாடியையும் கொடுத்துவிட்டேன். இந்தக் காரையும் கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் நான் மட்டும்தான் மிச்சம்.

சீலநாயக்கன்பட்டியில் நான்குவழிச் சாலையைப் பிடித்தேன். அங்கிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். மல்லூர் தாண்டியதும் ஒரு சேகோ ஃபேக்டரிக் களத்தில் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. நான் வேலைக்காலம் முழுக்க சேகோ ஃபேக்டரியில் கணக்குப் பார்த்தவன். களத்தைத் தூரத்தில் பார்த்தே நாளைக்கு எத்தனை மூட்டை தேறும் என்று சொல்லிவிடுவேன். சொன்னேன். காருக்குள் யார் கேட்கிறார்கள்?

பத்து மணிக்கு ஆண்டகளூர்கேட். டீக்கடை ஓரம் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கை காட்டினேன். கடைக்காரர் கிளாஸோடு வந்தார்.

“ஆஃப் பண்ணிப்போட்டு எறங்கி வாங்க சார். எண்ணெ வீணாப் போகுதில்லீங்க?”

“ஆஃப் பண்ணினா இங்கயே குடியிருக்க வேண்டியதுதான்.”

“அதுக்கென்னுங்க, இருந்துக்குங்க” என்று சிரித்தார். டீ பதினைந்து ரூபாய். அன்று அதுவரை என்னிடம் யாரும் அவ்வளவு பிரியமாகப் பேசவில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதிலிருந்தே லாரி உலகம் தொடங்கிவிட்டது. கூடு மட்டும் கட்டி நிற்கும் கேபின்கள், பெயின்ட் காயும் டேங்கர்கள், போர்வெல் போடும் ரிக் வண்டிகள். பால்ராஜ் சொல்லியனுப்பிய எலக்ட்ரீஷியன் சுப்பிரமணியின் பட்டறை ஊருக்கு முன்னாலேயே, தகரக் கூரையின் கீழ் இருந்தது. என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார்.

“ஏனுங்க, காரைக் கொண்டாந்திருக்கீங்க? நம்முளுது லாரி வேலைங்களே.”

கதையைச் சொன்னேன். ஆர்வம் வந்துவிட்டது. இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்தார். எல்லாம் அணைந்து கிடக்கும் காரில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், மீட்டர் இறங்கவில்லை. ஆல்டர்னேட்டர்தான் என்று அடித்துச் சொன்னார். அந்த வயரைக் கழற்றியும் இறங்கவில்லை. அவர் முகம் சுருங்கியது. சாயந்திரம் ரீனாவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த பட்டறையில் வெல்டிங் வைத்தார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்தியதால் சுப்பிரமணி ஷட்டரைக் கீழே இழுத்தார். பட்டறை இருண்டது. அப்போதுதான் கார் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தேன். டேஷ்போர்டில் மாதா சொரூபத்தின் காலடியில் மங்கலாக ஒரு சிவப்பு. சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

“சுப்பிரமணி, இங்க வாங்க. இது எரியுது!”

ஸ்டெல்லா அந்தச் சொரூபத்தை இந்த ஊரில்தான், லாரி அலங்காரக் கடை ஒன்றில் வாங்கி மாட்டினாள். அவளோடு ராத்திரியில் போகும்போது எரிவதைப் பார்த்திருக்கிறேன். ஹெட்லைட்டோடு சேர்ந்து எரிகிறது என்று நினைத்துக்கொண்டேன், கேட்டதில்லை.

சுப்பிரமணி பல்பைக் கழற்றினார். மீட்டர் சட்டென்று இறங்கியது. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“இது லாரி பல்புங்க, இருபத்துநாலு வோல்ட்டு. உங்க வண்டி பன்னெண்டு. அதான் பாதி உசுருல எரியுது, பகல்ல கண்ணுக்கே தெரியாது. எங்கூர்ல சாமி வெளக்க சாவி போட்டாத்தான் எரியற மாதிரி குடுக்க உடமாட்டாங்க. அணையக் கூடாதுன்னு நேரா பேட்டரியில இருந்து இழுத்துருவாங்க. லாரி எங்கீங்க நிக்குது? தாங்கிக்கும். அந்தக் கைப்பழக்கத்துல காருக்கும் அப்படியே குடுத்துப்போட்டாங்க.”

“வாங்கினதிலிருந்து எரியுதே, முன்னாடி ஒரு நாள்கூட பேட்டரி இறங்கலையே?”

“முன்ன தெனமும் ஓடுச்சுங்களா?”

“ஓடுச்சு. என் சம்சாரம் ஓட்டுவா.”

“அவ்வளவுதானுங்க. ஓடுனா ஏறிக்கும். வண்டிக்கு ஒரு நோவும் இல்லீங்க, சும்மா நிக்குது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் எங்கும் போகாததுதான் கோளாறு. அவர் பார்க்காத மாதிரி ஃப்யூஸ்களைத் திரும்பச் செருகினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

“வயரை வெட்டிரட்டுங்களா? இல்லீனா சாவியில மாத்திக் குடுத்தர்றேன்.”

“வேண்டாம். இருந்த மாதிரியே இருக்கட்டும்.”

“அப்பறம் தெனமும் ஓட்டோணுமுங்க.”

“ஓட்டுறேன்.”

“எங்கீங்க போவீங்க?”

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தேன். அவர் பல்பைத் திரும்ப மாட்டி, முந்நூறு ரூபாய் கூலி வாங்கிக்கொண்டு, “பாத்துப் போய்ட்டு வாங்க” என்றார்.

ரீனாவுக்குப் போன் செய்து, கார் சரியாகிவிட்டது, விற்கப் போவதில்லை என்றேன். “சரிப்பா” என்றாள். அப்புறம், “தனியா எங்கப்பா போகப் போறீங்க?” என்று அவளும் கேட்டாள்.

பிற்பகல், நேரே வீட்டுக்குப் போகாமல் சேந்தமங்கலம் பக்கம் திரும்பினேன். காரணம் ஒன்றும் இல்லை, பேட்டரி ஏறட்டும் என்றுதான். கொல்லிமலை அடிவாரம் வரை போய், மரத்தடியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பச் சாவியைத் திருப்பியதும் ஒரே தடவையில் கிளம்பியது. கைதட்டலாம் போல இருந்தது.

ராசிபுரம் வழியாக வந்து, மல்லூரை நெருங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எதிரில் லாரிகள் லைட் போட ஆரம்பித்தன. கண் கூசியது, மெதுவாக ஓரமாகவே ஓட்டினேன். மாதாவின் காலடிச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்து இடது பக்க சீட்டில் விழுந்தது. ஸ்டெல்லா ஓட்டும்போதெல்லாம் நான் உட்கார்ந்து வந்த சீட் அது. அவள் இடத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன். காலியாகக் கிடந்தது என் இடம்தான்.