முப்பத்தொன்றுக்கு ஒரு செய்தி

வயர்லெஸ் அக்காவுக்கும் முப்பத்தொன்றாம் நம்பர் டிரைவருக்கும் ‘ஏதோ இருக்கிறது’ என்று என் காதில் போட்டவர் பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். காற்றுப் பிடிக்கிற இடத்தில்தான் வதந்திக்கும் காற்று ஏற்றுவார்கள்.

“மத்த டிரைவருங்க வாயத் தொறந்து பேசறாங்க சார். இவர் மட்டும் நாலு வருஷமா மைக் பட்டனை ரெண்டு தடவை அமுக்கறார். டொக், டொக். உடனே அந்தம்மா மொகம் ஒரு மாதிரி ஆயிடுது. அதுக்கு என்ன அர்த்தம்?”

“பேசாம இருக்கறது காதல்னா, நானும் என் சம்சாரமும் காவியம்யா.”

“சிரிக்காதீங்க. இன்னிக்கு அவருக்குக் கடைசி டூட்டி. போய்ப் பாருங்க.”

வம்பை விசாரிக்காமல் நம்புவது பாவம். விசாரித்துவிட்டு நம்புவது என் பிழைப்பு. போனேன்.

டீசல் பம்புக்கு மேலே, இரும்புப் படி ஏறினால் அக்காவின் அறை. ஒரு வயர்லெஸ் பெட்டி, ஒரு போன், கிழிந்த பஸ் சீட்டுத் துணியில் தைத்த மெத்தை போட்ட நாற்காலி. டம்ளரில் ஆறிப்போன டீ. இருபத்து மூன்று வருஷமாக அக்கா சூடாக டீ குடித்ததில்லையாம். வீட்டில் கணவர் கூப்பிட்டால்கூட, “கேக்குது, சொல்லுங்க” என்றுதான் பதில் வரும் என்கிறார்கள்.

“பதினேழு, மார்க்கெட்ல தண்ணி நிக்குது. பாலத்து வழியா வாங்க.”

“பாலத்துல ஒரு லாரி படுத்திருக்குக்கா.”

“எழுப்பி ஓரமா ஒக்கார வெச்சுட்டு வாங்க.”

வண்டி ஓடும்போது பேச முடியாத டிரைவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் ‘கேட்டுவிட்டது’ என்று பொருள். அந்த டொக் டொக்கில் காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. பிறகு ஏன் நாலு வருஷம்? கேட்டேன். அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்து பன்னிரண்டுக்குப் போன். முப்பத்தொன்றின் மனைவி. அக்காவும் அவரும் நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். “மாத்திரை வாங்கிட்டு வரச் சொல்லுங்கக்கா” என்று அடிக்கடி கூப்பிடுகிறவர். அன்றைக்கு மூச்சு வாங்கியது.

“அக்கா, நெஞ்சு அடைக்குது. பக்கத்து வீட்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அவருக்கு இப்பச் சொல்லாதீங்க. வண்டி நெறைய ஜனம் இருக்கும், பதறிடுவார். கடைசி ஸ்டாப்ல எல்லாரையும் எறக்கிட்டப்புறம் சொல்லுங்க. நான் பயப்படலைன்னும் சொல்லுங்க. சத்தியமா?”

அக்கா சத்தியம் செய்தார். பதிவேட்டில் எழுதினார்: ‘31. 5.12. வீட்டிலிருந்து போன். கடைசி நிறுத்தத்தில் சொல்லவும்.’ சொன்ன நேரம் 5.52. ‘ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்றதுமே அவர் ஓடிவிட்டார், மீதியைக் கேட்க நிற்கவில்லை. அந்த அம்மாள் இறந்தது 5.40.

பதினைந்து நாள் கழித்து டிரைவர் படியேறி வந்தார். பதிவேட்டைப் புரட்டினார்.

“அஞ்சு பன்னெண்டுக்கே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்ண்ணே.”

“நடுவுல மூணு தடவை கூப்பிட்டீங்க. எங்க பள்ளம், எங்க கூட்டம், எல்லாம் சொன்னீங்க.”

அக்கா வாயைத் திறப்பதற்குள் இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து டொக் டொக்தான். பதிவேட்டில் நான்கு கட்டம் உண்டு. சொல்ல வேண்டாம் என்று சொன்னது யார் என்று எழுதக் கட்டம் கிடையாது.

“உடனே எடுத்துச் சொல்லியிருக்கலாமே?”

“என்னன்னு? போனவங்க மேல பழியப் போட்டுட்டு நான் நல்லவளாகறதா? என் மேல இருக்கற கோவத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் அந்த மனுஷன் நடமாடறார். அதையும் புடுங்கிட்டா யார் மேல சாய்வார்?” பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஆனா பயப்படலைன்னு சொன்னாங்களே, அது என்னுது இல்லையே. அது அவரோடது.”

கொடுக்காத செய்தியை அடுத்த பக்கத்துக்கு எடுத்து எழுத வேண்டும் என்பது பணிமனை விதி. பக்கம் பக்கமாக, பதிவேடு பதிவேடாக, ‘31. வீட்டிலிருந்து ஒரு செய்தி’ நாலு வருஷம் நடந்து வந்திருந்தது. எந்த மேலதிகாரியும் ஏனென்று கேட்டதில்லை. கையெழுத்துப் போட மட்டும் தவறியதில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது மணி ஐந்து இருபது. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை எடுத்தார்.

“முப்பத்தொண்ணு, உங்களுக்கு ஒரு செய்தி பாக்கி இருக்கு. வீட்லேர்ந்து. வண்டிய விட்டுட்டு மேல வாங்கண்ணே.”

இரைச்சல். அப்புறம் டொக், டொக்.

ஆறு மணிக்கு வண்டி உள்ளே வந்தது. சாவியை ஒப்படைத்துவிட்டு, தோளில் பையோடு படிக்குக் கீழே வந்து நின்றார். அக்கா எழுந்தார். கதவைத் தொடும்போது பெட்டி அலறியது. “அக்கா, பதினேழு! பாலத்து எறக்கம், பிரேக் புடிக்கல!”

அக்கா திரும்பி ஓடினார். “பதறாதீங்க. கியரைக் கொறைங்க. இடது பக்கம் மண்ணு கொட்டியிருக்கு, அதுல ஏத்துங்க. நான் இருக்கேன், பேசிட்டே வாங்க.”

நான் கீழே இறங்கினேன். சன்னல் வழியே வந்த குரலை அவர் அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம் இருங்க. அக்கா ஏதோ சொல்லணுமாம்.”

“அவங்க வேலையப் பாக்கட்டும்” என்றார். “பொண்ணு வீட்டுக்குப் போறேன், அங்கயேதான் இனிமே. ரயிலுக்கு நேரமாச்சு.”

‘நான் பயப்படலை’ என்ற அந்த இரண்டு சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. ஊர் வம்பையெல்லாம் கொட்டுகிற நாக்கு, அன்றைக்கு அசையவில்லை. அக்கா சொல்ல வேண்டியது அது.

கேட் வரை போனவர் திரும்பினார். “அப்புறம் கேட்டுக்கறேன்னு சொல்லுங்க.”

மேலே போனேன். பதினேழு மண்மேட்டில் நின்றுவிட்டதாம், யாருக்கும் அடியில்லை. அவர் சொன்னதைச் சொன்னேன்.

“கேட்டுக்கறேன்னாரா? அவரா? வாயாலயா?”

“வாயாலதான்.”

அக்கா பதிவேட்டின் பக்கத்தைத் திருப்பினார். முதல் வரியில் எழுதினார்: ‘31. வீட்டிலிருந்து ஒரு செய்தி.’ சொன்ன நேரத்துக்கான கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அதைக் காலியாக விட்டுவிட்டு, ஆறிய டீயை எடுத்தார்.