சிங்கக்கால் மேசை

மிட்டாதார் பங்களாவை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அவருக்கு இஷ்டமே இல்லை. "எவனோ குடியிருந்த வூட்டப் பார்க்கறதுக்கு டிக்கெட்டா?" என்று மாரண்டஹள்ளியில் பஸ் ஏறும்வரை முணுமுணுத்தார். அம்மா இறந்த பிறகு அவரை வெளியே கிளப்புவதே பெரும்பாடு.

சுற்றுவட்டத்து ஊர்களிலெல்லாம் வரி வசூலித்த குடும்பம். பங்களா பெரிது, உள்ளே சாமான் குறைவு. ஒரு பல்லக்கைச் சுற்றிக் கயிறு கட்டி, உட்காரக் கூடாது என்று எழுதியிருந்தது. "உக்காந்தா மட்டும் தூக்கறதுக்கு ஆளு இருக்குதா?" என்றார் அப்பா. அடுத்த கூடத்தில் நீளமான சாப்பாட்டு மேசை, பிளைவுட்டில் செய்தது. 'அசல் மேசை கிடைக்கவில்லை' என்று அட்டை வைத்திருந்தார்கள். மேலே ஒரு பழைய போட்டோவில் மிட்டாதாரும் விருந்தாளிகளும் அசல் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் கால்களில் சிங்கப் பாதம் செதுக்கியிருந்தது.

அந்தப் பாதத்தில் எத்தனை முறை விரலை இடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன்! பங்களா சாமான்களை ஏலம் விட்டபோது தாத்தா வண்டியில் ஏற்றி வந்த மேசை அது. எங்கள் வீட்டு வாசலுக்குள் நுழையாததால் பட்டுப்புழுக் கொட்டகைக்குப் போய்விட்டது. குஞ்சுப் புழுக்களுக்கு மல்பெரித் தழையை அம்மா அதன்மேல் வைத்துத்தான் பொடிப்பொடியாக நறுக்குவாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அங்கிருந்த பெண் காப்பாட்சியரிடம், "இந்த மேசை எங்க வூட்டுலதாங்க இருக்குது" என்று சொல்லிவிட்டேன். அப்பா முறைத்தார்.

அந்த அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்தார். "நீங்க குடுத்தீங்கன்னா உங்க பேரையே போர்டுல போட்டுடலாம் ஐயா." எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது புழு வளர்ப்பும் இல்லை, மேசை சும்மாதானே கிடக்கிறது, கொடுத்துவிடலாம் என்று நானும் ஒத்து ஊதினேன். அப்பா யோசித்து, மெல்லத் தலையாட்டினார்.

"மேல்பலகை எப்படி இருக்குதுங்க?" என்று காப்பாட்சியர் கேட்டார்.

"பூராவும் கத்தி வெட்டுங்க," என்றார் அப்பா.

"அதுக்குக் கவலையே வேணாம். நல்லா இழைச்சு பாலீஷ் போட்டா ஒரு கோடுகூடத் தெரியாது. மிட்டாதார் காலத்துல இருந்த மாதிரியே ஆயிடும்."

அப்பா டீயைக் கீழே வைத்தார். "ஒரு கோடுகூடவா?"

"ஒண்ணுகூடத் தெரியாதுங்க."

"அப்ப வேணாமுங்க."

காப்பாட்சியர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வெட்டுகள் யாருடையவை என்று மகளான எனக்கு உறைக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"என் சம்சாரம் தழை நறுக்குனதுங்க," என்றார் அப்பா. "அவளுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது, ரேகைதான் வெப்பா. அவ கையால எழுதுனதுன்னு எங்க வூட்டுல இருக்கறது அது ஒண்ணுதானுங்க."