எந்தக் கைக்குக் கத்தி

புதுச்சத்திரத்தில் பஸ் நின்றுவிட்டது. பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடுகிற வண்டி. டிரைவர் பின்பக்கத்து அடுப்பில் கரியைக் கொட்டிக் கிளறுகிறார். மறுபடி கிளம்புவதற்குள் ஒரு கத்தி வாங்கிவிடலாம் என்று இறங்குகிறேன். கொல்லிமலையில் பத்து நாள் நடக்க வேண்டும். வழியில் முள் வெட்டவும் குச்சி சீவவும் மலிவாக ஒன்று இருந்தால் போதும்.

புளியமரத்தடியில் கொல்லர் வீட்டுப் பெண் ஒருத்தி சாக்கு விரித்துக் கத்திகளைப் பரப்பியிருக்கிறாள். இருப்பதிலேயே பளபளப்பானதை எடுத்து, கீழே கிடந்த விறகுக் குச்சியைச் சீவுகிறேன். கத்தி வழுக்கிக்கொண்டு போகிறது.

“அதை வெச்சிருங்க சாமி. உங்களுக்கு ஆகாதுங்க.”

எனக்குச் சுருக்கென்கிறது. “ஏம்மா, காசில்லாதவன் மாதிரியா தெரியுது?”

“காசில்லீங்க, கைதானுங்க. இதெல்லாம் சோத்தாங்கைக்குச் சாணை புடிச்சதுங்க. நீங்க நொட்டாங்கையில சீவறீங்க.”

முகம் சூடாகிறது. இந்த இடது கைக்காக நான் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வாங்கிய அடி கொஞ்சமல்ல. அவளோ அதைப் பற்றி மேலே ஒன்றும் சொல்லாமல் சாக்குக்கடியில் துழாவுகிறாள். மறுபக்கம் தீட்டிய கறுத்த கத்தி ஒன்று வெளியே வருகிறது.

“எங்கூட்டுக்காரருக்கும் அந்தக் கைதானுங்க. அவருக்குன்னு ரெண்டு அடிச்சாரு. ஒண்ணை நீங்க எடுத்துக்குங்க.”

சீவிப் பார்க்கிறேன். மரம் சுருள் சுருளாக உதிர்கிறது. சந்தோஷத்தில் சட்டென்று எட்டணாவை நீட்டுகிறேன். அவள் வாங்காமல் சிரிக்கிறாள்.

“காசை மட்டும் சோத்தாங்கையில குடுங்க சாமி.”