புது வண்டிக்குத் திறக்காத கேட்

என் வண்டியைக் குறை சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். கல்யாணமான புதிதில் வாங்கியது. தாழ்ந்த சீட்டு, அகலமான ஹேண்டில்பார், வயிறு பெருத்த டேங்க். சாய்ந்து உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டே போகிற வண்டி. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்குப் போய்வர இந்த ஜமீன்தார் வண்டி எதற்கு என்று அப்போதே கேட்டார்கள். கேட்டவர்களுடைய வண்டிகள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. என்னுடையது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓடுகிறது என்றால் சும்மா இல்லை, தெருவுக்கே தெரிகிற மாதிரி ஓடுகிறது. நான் தெருமுனையில் திரும்பும்போதே என் மனைவி தறியை விட்டு எழுந்து கேட்டைத் திறந்துவிடுவாள். எங்கள் கேட்டின் கீல் இறங்கிப்போய்த் தரையில் உரசும். உள்ளேயிருந்து தூக்கித்தான் திறக்க வேண்டும். வீட்டு வாசலில் நான் ஹாரன் அடித்ததே கிடையாது. எத்தனை வண்டி போனாலும் என் வண்டிச் சத்தம் அவளுக்குத் தெரியும் என்று மில்லில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஆனால் எனக்கும் வயதாகிறது. வாலாஜாபாத் போய்ச் சேர்வதற்குள் உள்ளங்கை இரண்டும் மரத்துவிடும். குளிர்நாளில் உதைத்து உதைத்து முழங்கால் கழன்றுவிடும். இந்த நேரத்தில்தான் அதே வண்டியை அதே கம்பெனிக்காரன் புதிதாக மாற்றிச் செய்து விட்டிருந்தான். ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் அவள் சரி என்று சொல்லாமல் ஒரு மிக்ஸிகூட வந்தது இல்லை. வீட்டின் பாதி அவள் தறியில்தான் ஓடுகிறது, அதனால் அது நியாயமும்தான். அவளைக் கேட்டேன். பதில் இல்லை.

தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். தறியில் இருப்பவரை ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. அவர் இழை எண்ணிக்கொண்டிருப்பார், சேலைக்குப் பூ எடுத்துக்கொண்டிருப்பார். நடுவில் வாயைத் திறந்தால் கணக்குத் தப்பிவிடும். கேட்டதைக் கேட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டும். பதில் பிறகு வரும், சில சமயம் சாயங்காலம்கூட வரும். என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். அதனால் நானும் காத்திருந்தேன்.

வாரக்கணக்காகியும் வரவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டுப் பார்த்தேன். வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டுப் பார்த்தேன். சாப்பிடும்போது தட்டில் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, “புது வண்டி ஒண்ணு வந்துகீது, வாங்கட்டுமா?” என்றேன். அவள் பேசாமல் ரசத்தை ஊற்றினாள். எனக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே! சென்னையில் இருக்கும் மகள் போன் செய்தால்கூட ‘நல்லா கீறியாம்மா’ என்று இவள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். இத்தனை வருஷம் குடித்தனம் செய்துவிட்டு, இந்த வயதில் இவளுக்கு என் மேல் வெறுப்பு வந்துவிட்டது என்றே நினைத்தேன். சொன்னால் வெட்கம், எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை. வண்டியைவிட அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்பதுதான் பெரிய ஏக்கமாகிப் போனது.

மில்லுக்கு லீவு விட்ட ஒரு நாள், வருவது வரட்டும் என்று ஷோரூமுக்குப் போனேன். ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். அங்கே இருந்த பெண் என் வண்டியைச் சுற்றிவந்து பார்த்து, இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்களே சார் என்றாள். எனக்கு அதற்கே பாதி கோபம் போய்விட்டது. என் வண்டியை அங்கே நிறுத்திவிட்டுப் புதியதில் ஏறினேன்.

ஏறியதும் என் வலது கால் தானாகப் போய்க் கிக்கரைத் தேடியது. கிக்கர் இல்லை. அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பட்டனைக் காட்டினாள். பட்டனை அழுத்தினேன், ஸ்டார்ட் ஆனதா இல்லையா என்றே தெரியவில்லை. சந்தேகப்பட்டு இன்னொரு முறை அழுத்தப் போனேன். ஓடிக்கினுதான் இருக்குது சார் என்றாள்.

ஓரிக்கைப் பக்கம் விட்டேன். பொய் சொல்லக் கூடாது, நல்ல வண்டி. ஹேண்டில்பாரை நம் பக்கம் இழுத்து வைத்திருக்கிறார்கள், தோள் இறங்கி உட்கார்ந்தது. சீட்டு இன்னும் தாழ்வு, இரண்டு காலும் முழுசாகத் தரையில் ஊன்றியது. பின்சீட்டு மெத்து மெத்தென்று அகலமாக இருந்தது. டேங்கை ஆட்டிக் காதை வைத்துப் பார்க்காமலே எவ்வளவு பெட்ரோல் என்று முள் காட்டியது. பாலாற்றுப் பாலத்தில் கொஞ்சம் முறுக்கினேன், கையில் ஒரு உதறல் இல்லை. பாலத்தின் மேல் அடிக்கிற காற்றின் சத்தத்தை இத்தனை வருஷத்தில் அன்றுதான் கேட்டேன். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. வீட்டுக்கு ஓட்டிப்போய் அவள் முன்னால் நிறுத்திவிட வேண்டும், பார்த்தால் மனம் மாறிவிடுவாள் என்று தோன்றியது.

தெருவில் திரும்பினேன். கேட் மூடியே இருந்தது. எதிரில் போய் நின்றேன், திறக்கவில்லை. இது புது வண்டி, அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஹாரன் அடித்தேன். எதிர்வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்தார். இன்னும் நீளமாக அடித்தேன். பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து வந்துவிட்டது. இவள் வரவில்லை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளை எடுத்து, கேட்டை மல்லுக்கட்டித் தூக்கித் திறந்துகொண்டு போனேன்.

தறி ஓடவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டி, தறிப் பள்ளத்தில் காலை விட்டு உட்கார்ந்து, அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை இல்லை, பூ இல்லை, வெறும் முடிச்சு. கூப்பிட்டேன். இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டேன். அவள் கை பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு போய் அவள் முகத்துக்கு நேரே நின்றேன்.

தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தாள். மடியில் இருந்த, ஊடை நூல் ஓட்டுகிற நாடா பள்ளத்தில் விழுந்தது.

“எப்ப வந்தீங்க? வண்டி இன்னா ஆச்சு, நடந்தா வந்தீங்க?”

நான் வாசலைக் காட்டினேன். பளபளவென்று நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, “யாருது அது?” என்று கேட்டாள். நடிப்பு இல்லை. புது வண்டி என்று ஒரு பேச்சே அவள் காதில் விழுந்திருக்கவில்லை. வாரக்கணக்காக நான் கேட்டதெல்லாம் அவள் முதுகையும் என் சோற்றுத் தட்டையும்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கும் புரிந்துவிட்டது. இழையை விரலில் பிடித்தபடியே சொன்னாள். போன வருஷத்திலிருந்தே காது மந்தமாகிவிட்டதாம். முகத்தைப் பார்த்தால் பேச்சுப் புரிகிறதாம். ஏன் சொல்லவில்லை என்றேன், வாயை நன்றாகத் திறந்து.

“சொன்னா எல்லாரும் கத்திக் கத்திப் பேசுவீங்க. அது திட்ற மாதிரியே இருக்கும்.”

பிறகு எப்படி என் வண்டிக்கு மட்டும் கேட் திறந்தாய் என்று கேட்டேன். இத்தனை நாள் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட விஷயம் ஆயிற்றே.

“கேக்கறதுலாம் இல்ல. நீங்க தெருவுல திரும்பினா பள்ளத்துல காலு அதிரும். அத வச்சி எழுந்து வருவேன்.”

அழுகை வந்தது, அழுதேன். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஷோரூமில் வண்டியை விட்டபோது எப்படி இருந்தது சார் என்று அந்தப் பெண் கேட்டாள். சத்தமே கேட்கவில்லை என்றேன். அதான் சார் இதோட ஸ்பெஷல் என்று அவள் சந்தோஷப்பட்டாள். பாவம், அவளை என்ன சொல்வது. என் வண்டியை உதைத்தேன். அன்றைக்கென்று முதல் உதைக்கே எடுத்துக்கொண்டது.

தெருமுனையில் திரும்பும்போதே கேட்டைப் பார்த்தேன். கேட் திறந்திருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இறங்கிப் போய் அவளுக்கு நேரே நின்றேன். முதலில், நாளைக்குக் காது டாக்டரிடம் போகிறோம் என்றேன். தலையாட்டினாள். பிறகு சோறு, செருப்பு, துணி எதுவும் நடுவில் இல்லாமல், முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

“அந்தப் புது வண்டிய வாங்கட்டுமா?”

கொஞ்சம் யோசித்தாள்.

“சத்தம் எப்பிடி?”

“உன் காலுக்குத் தெரியாது” என்றேன்.

“அப்ப வேணாம்” என்றாள்.

எத்தனையோ நாளாக நான் காத்துக்கிடந்த பதில் அது. வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். அவள் கேட்டை இன்னும் அகலமாகத் தூக்கிப் பிடித்தாள். நான் வண்டியை உள்ளே தள்ளினேன்.