பதினேழு சார்

நீடாமங்கலத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் அந்த நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய் வெற்றிசெல்வன் என்று விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். பதினேழு சார் என்றால் மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கூட நின்று வழி சொல்வார். நெல்லில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கக்கூடாது என்பது விதி. எல்லா நிலையத்திலும் அதுதான் விதி. ஆனால் அந்த விதியைக் குலசாமி போலக் கும்பிட்ட பட்டியல் எழுத்தர் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான். அதனால் வந்த பெயர். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது. அதை மறைப்பானேன்?

அவர் கும்பகோணத்தில் பொருளாதாரம் எம்.ஏ. படித்தவர். கடைசி வருடம் ஒரு பேராசிரியர் வந்து, நோபல் பரிசு வாங்கிய சிகாகோ வாத்தியார் ஒருவரைப் பற்றி மூன்று மாதம் பாடம் எடுத்தார். விலைவாசி ஏறுவதற்குக் காரணம் வியாபாரியின் பேராசை இல்லை, அரசாங்கம் அளவில்லாமல் பணத்தைப் புழக்கத்தில் விடுவதுதான் என்றார் அந்த சிகாகோக்காரர். விலையை அரசாங்கம் நிர்ணயிக்கக்கூடாது, சந்தையிடம் விட்டுவிடு என்றார். வெற்றிசெல்வனை ஆட்கொண்டது இதெல்லாம்கூட இல்லை. பணத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரிகளின் புத்தியை நம்பாதே, வருடத்துக்கு இவ்வளவுதான் கூட வேண்டும் என்று ஒரே விதியாக எழுதி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடு என்றாரே, அதுதான். ‘மதகுச் சாவியை எந்த மனுஷன் கையிலும் கொடுக்காதே’ என்று நோட்டில் தன் பாஷையில் எழுதிக்கொண்டார். அந்த வரியோடு இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தினார்.

காலேஜ் வேலை கிடைக்கவில்லை. டுடோரியலில் கொஞ்ச நாள் ஓட்டினார், அது மூடிப்போயிற்று. கடைசியில் கிடைத்தது இந்தப் பருவகால வேலை. அரசாங்கம் விலையே நிர்ணயிக்கக்கூடாது என்று நம்புகிற மனிதருக்கு, அரசாங்கம் நிர்ணயித்த விலைக்கு நெல் வாங்குகிற இடத்தில் பிழைப்பு. மூட்டை தூக்குபவர்களின் மேஸ்திரி துரைராசு இதைச் சும்மா விடுவாரா?

“சார், உங்க சிகாகோக்காரர் சொல்றபடி பாத்தா மொதல்ல நம்ம கடையத்தானே இழுத்து மூடணும்?”

“மூட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு வெற்றிசெல்வன் அடுத்த பட்டியலை எழுதுவார்.

கேலி செய்தாலும் துரைராசுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டாத எழுத்தர். சொந்தக்காரன், கட்சிக்காரன் என்று யாருக்கும் வளையாதவர். ஈரப்பதக் கருவி என்ன எண் காட்டுகிறதோ அதுதான் தீர்ப்பு. தள்ளிவிட்ட குவியல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி நெல்லை பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை மெழுகுவர்த்திச் சுடரில் உருக்கி ஒட்டி, பெயரும் எண்ணும் எழுதி ஆணியில் மாட்டி வைப்பார். யாரும் செய்யச் சொன்ன வேலையில்லை. நாளைக்கு எவனாவது பாரபட்சம் என்று வாயைத் திறந்தால் எடுத்துக் காட்டுவதற்கு.

இவ்வளவு நேர்மையான மனிதருக்கு ஒரு அக்கா இருந்தாள். பெயர் கனகா. புருஷன் போய் எட்டு வருடம். தஞ்சாவூரில் குடியிருக்கும் காயாரோகணம் என்பவரின் நிலம் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து ஒண்டியாகப் பயிர் வைத்துக்கொண்டிருந்தாள். வாய்ப்பேச்சுக் குத்தகை, சீட்டு கிடையாது. போன சம்பா வெள்ளத்தில் போய்விட்டது. இந்தக் குறுவைக் குத்தகை தீபாவளிக்குள் வந்து சேராவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாகக் காயாரோகணம் போனில் சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அறுவடை இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர் ஏற்கெனவே அவரிடம் கேட்டு வைத்திருந்தார்.

ஐப்பசி பிறக்க நாலு நாள் இருக்கும்போது கனகாவின் நெல் அறுவடையானது. வயலடிக்கே லாரியோடு வந்தார் அப்சர் என்ற வியாபாரி. அரசாங்க விலையைவிடக் குறைவுதான், ஆனால் ஈரம் பார்க்க மாட்டேன், இப்போதே ஏற்றிக்கொள்கிறேன் என்றார். சிகாகோக்காரரின் சீடன் அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சந்தை வாசலுக்கே வந்திருக்கிறது, கொடுத்துவிடு என்றுதானே? வெற்றிசெல்வன் அப்படிச் சொல்லவில்லை. “எதுக்குக்கா கொறச்சுக் குடுக்கணும்? நம்ம நெலயத்துக்குக் கொண்டா. இங்க ஏமாத்து கெடையாது” என்றார். தன் நிலையத்தின் மேல் அவ்வளவு பெருமை. லாரி காலியாகத் திரும்பிப் போயிற்று.

கனகா மூன்று நாள் நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்தாள். நாலாம் நாள் காலை பத்து மணிக்கு நிலையத்துக் களத்தில் குவியல் போட்டாள். வெற்றிசெல்வன் எல்லோருக்கும் செய்வதுபோலவே குவியலில் மூன்று இடத்தில் கைவிட்டு, அடியிலிருந்து நெல்லை எடுத்தார். கருவியில் போட்டார்.

“எவ்வளவுடா?”

“பதினேழு புள்ளி எட்டு.”

“இருக்காதே! மூணு நாள் வெயிலு. நானே கெடந்து காலால கிண்டிக் கிண்டிக் காய வச்சேன். இந்தா, கடிச்சுப் பாரு.” அவளே ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தாள். நறுக்கென்று உடைந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

டெல்டாவில் நெல் காய்ந்ததா என்று பார்க்க எல்லோரும் செய்வது அதுதான். ஈர நெல் பல்லில் நசுங்கும், காய்ந்த நெல் உடையும். வெற்றிசெல்வன் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மணியைக்கூடக் கடித்ததில்லை. பல் என்பது மனிதனுடையது. அதில் பாசம் இருக்கும், பயம் இருக்கும். மதகுச் சாவியை அதனிடம் கொடுக்கலாமா?

“பல்லுக்கு நம்பர் தெரியாதுக்கா.”

“ஒம் மெஷினுக்குப் பல்லு இல்லையே” என்றாள் கனகா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

துரைராசு நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். “சார், மேலாப்புல ஒரு கை எடுத்துப் போடுங்க. பதினேழு காட்டிரும். மானம் வேற மூட்டமா இருக்கு.”

“நேத்து காளியம்மாளுக்கு அப்படி எடுத்தேனா? அது பதினேழு புள்ளி நாலு. திருப்பி அனுப்பலையா?”

“அவுங்க வேற சார். இது ஒங்க கூடப்பொறந்தவங்க.”

“அதனாலதான்.”

துரைராசு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கனகாவே கையமர்த்தினாள். “விடுங்க துரைராசு. எந்தம்பி ஊருக்கு ஒண்ணு வீட்டுக்கு ஒண்ணுன்னு செய்ய மாட்டான். இன்னொரு வெயிலு காஞ்சா தீந்துச்சு.” அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தத்தோடு ஒரு பெருமிதமும் இருந்தது. வெற்றிசெல்வன் அதைப் பார்த்தார். பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஒரு பிடி நெல்லை எடுத்துப் பையில் போட்டு ஒட்டி, கனகா, 17.8 என்று எழுதி மாட்டினார்.

இன்னொரு வெயில் வரவில்லை. அன்று நாலு மணிக்குப் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. இருந்த தார்ப்பாய்களைப் போட்டு மூடினார்கள். மேலே மூடினால் தண்ணீர் கீழாக வந்தது. களம் முழுக்கக் கணுக்காலளவு தண்ணீர். அக்காவும் தம்பியுமாக மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டினார்கள், காலிச் சாக்குகளில் மண் அள்ளிக் குவியலைச் சுற்றி அணைகட்டினார்கள். ஒன்றும் நிற்கவில்லை.

நாலாம் நாள் தார்ப்பாயைத் தூக்கியபோது குவியலிலிருந்து ஆவி வந்தது. உள்ளே கைவிட்டால் சுட்டது. அடியிலிருந்து பாதிக்கு மேல்வரை நெல் வெள்ளை வெள்ளையாக முளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. விதைநெல் இப்படி முளைத்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். கனகா அழவில்லை. முளைத்த நெல்லைப் பாய் மாதிரி பிய்த்துப் பிய்த்துத் தள்ளி வைத்தாள். மாட்டுத் தீவனத்துக்கு ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போனார். தீபாவளி வந்தது. குத்தகை போகவில்லை. காயாரோகணம் சொன்ன சொல் மாறாதவர். அவரும் ஒரு விதிக்காரர்தான்.

மழை பிடித்த பன்னிரண்டாம் நாள் நிலையத்துக்கு உத்தரவு வந்தது. ஈரப்பதம் இருபத்திரண்டு சதவீதம் வரை எடுக்கலாம். வெற்றிசெல்வன் அதை இரண்டு முறை படித்தார். அரசாங்கத்தின் மருந்து எப்போதும் நோய் தீர்ந்த பிறகோ நோயாளி தீர்ந்த பிறகோதான் வந்து சேரும் என்பதும் சிகாகோக்காரர் சொன்னதுதான். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கடைமடைக்கு வர எத்தனை நாளாகும் என்று கேட்டு துரைராசுக்கு அதை விளக்கியிருக்கிறார். இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

உத்தரவோடு ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆளும் புதுக் கருவியோடு வந்திருந்தார். பழைய கருவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதைக் கடைசியா எப்ப சரிபாக்கக் குடுத்தீங்க?” என்றார்.

வெற்றிசெல்வன் கொடுத்ததே இல்லை. மனிதர்களைத்தான் அவர் சந்தேகப்பட்டார். கருவியைச் சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

வந்தவர் ஒரே நெல்லை இரண்டு கருவியிலும் போட்டுப் பார்த்தார். பழையது சரியாக ஒரு சதவீதம் கூடுதலாகக் காட்டியது. “தேஞ்சு போச்சு. இனி இதத் தொடாதீங்க” என்று சொல்லி, புதுசை மேசையில் வைத்துவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போய்விட்டார்.

வெற்றிசெல்வன் ஆணியிலிருந்து அக்காவின் பையை எடுத்தார். கத்தரித்தார். புதுக் கருவியில் போட்டார். பதினாறு புள்ளி எட்டு. பையில் மீதமிருந்ததில் ஒரு மணியை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாகப் பல்லில் வைத்துக் கடித்தார். நறுக்கென்று உடைந்தது.

எம்.ஏ. கடைசிப் பரீட்சையில் ஒரு ஐந்து மார்க் கேள்வி வந்தது. பணத்தின் அளவை ஒரு விதியில் கட்டவேண்டும் என்கிறார்களே, பணம் என்று எதை அளப்பது? அளவையே தப்பாகிவிட்டால் விதி என்னாகும்? சிகாகோக்காரரை எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி அது. வெற்றிசெல்வன் அதை சாய்ஸில் விட்டுவிட்டார்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு அக்காவின் வயலுக்குப் போனார். இனி அவளுடைய வயல் இல்லை. டிராக்டர் சம்பாவுக்குச் சேறடித்துக்கொண்டிருந்தது. கனகா மோட்டார் கொட்டகையிலிருந்து தன் மண்வெட்டியையும் மருந்தடிக்கும் டேங்கையும் எடுத்து வரப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

கனகா டேங்கின் வாரை இறுக்கிக் கட்டினாள். திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அன்னிக்கு ஒண்ணே ஒண்ண வாயில போட்டுக் கடிச்சிருக்கலாம்டா” என்றாள். பிறகு நிமிர்ந்து, “காளியம்மாளோடதப் பாத்தியா?” என்று கேட்டாள்.

அவர் பார்க்கவில்லை. அந்த நினைப்பே வரவில்லை. நிலையத்துக்குத் திரும்பிவந்து சுவரில் தொங்கிய பைகளை எண்ணினார். இந்தக் குறுவையில் மட்டும் நாற்பத்தொரு பை. அக்கா, அயலார், வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேதமே இல்லாமல் வரிசையாகத் தொங்கின. இதற்கு முந்தைய வருடங்களின் பைகளை அவரே குப்பையில் போட்டிருந்தார். எத்தனை வருடமாக அந்தக் கருவி பொய் சொன்னதோ யாருக்குத் தெரியும்?

காளியம்மாளின் பையைக் கத்தரித்தார். பதினாறு புள்ளி நாலு.

“பதினேழு சார்” என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. காளியம்மாள்தான். தலையில் முக்காடிட்ட ஈரச் சாக்கோடு நின்றாள். “இருவத்திரண்டு வரைக்கும் எடுக்கிறீங்களாமே, நெசமா? எங்க நெல்லு முளைச்சுப்போயித்தான் கெடக்கு. எடுக்க மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் மெஷின்ல ஒரு தடவ போட்டுப் பாருங்க சார். நீங்க சொன்னா மனசு ஆறிரும். மத்தவங்க மாதிரியா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க.”

முந்தானையில் முடிந்து வந்திருந்த ஒரு பிடி நெல்லை அவள் மேசைமேல் கொட்டினாள். வெற்றிசெல்வனின் கையிலிருந்த பையில் அவளுடைய காய்ந்த நெல் இருந்தது.