பத்து இலட்சம் பேரும் கிண்ணியாப் பெண்மணியும்

பாரிசவாதம் வந்த பிறகு என் மனைவிக்குச் சொற்கள் போய்விட்டன. ஆளைத் தெரியும், பொருளைத் தெரியும். பெயர் மட்டும் வாய்க்கு வராது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பிள்ளை, "வீட்டிலும் போனில் படம் காட்டிப் பழக்குங்கோ ஐயா. விட்டால் இருக்கிற பேச்சும் போயிடும்" என்றாள். எந்த ஆப் என்று சொல்ல அவளுக்கு நேரம் இருக்கவில்லை. வெளியே இன்னும் பதினான்கு பேர் காத்திருந்தார்கள்.

வெளியே வாங்கில் உட்கார்ந்து போனில் தேடினேன். அறுபத்துமூன்று ஆப்கள் வந்தன. பத்து இலட்சம் பேர் இறக்கியிருந்த, நாலே முக்கால் நட்சத்திரம் பெற்ற ஒன்றைத் தெரிவுசெய்தேன்.

அதே வாங்கில் கிண்ணியா ஊர்ப் பெண்மணி ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை; அவருடைய கணவருக்கும் இதே பாரிசவாத வருத்தம். ஒவ்வொரு ஆப்பையும் கணவரிடம் பரீட்சித்துப் பார்த்து, நல்லது கெட்டதை எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் குரல் செய்தியாக அனுப்புவார். என் போனை எட்டிப் பார்த்தார்.

"சேர், இதப் போடாதீங்க. பிழையெண்டா கத்துது. என்ட மனிசன் போனத் தூக்கி வீசப் பார்த்தாரு."

"பத்து இலட்சம் பேர் போட்டிருக்கினம், தங்கச்சி."

"அதுல வாய் வராத ஆள் எத்தின பேர்?"

அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. என்றாலும் ஒரு மனிசனின் கோபத்தைவிடப் பத்து இலட்சம் பெரிதல்லவா? அதையே இறக்கினேன்.

அன்று பின்னேரம் போனில் ஒரு மீன் படம் வந்தது. மனைவி சல்லி என்ற மீனவக் கிராமத்தில் பிறந்தவள். படத்தைத் திருப்பி வாலையும் பார்த்துவிட்டு, "பாரை" என்றாள். வருத்தத்துக்குப் பிறகு வந்த முதல் தெளிவான சொல். போன் கத்தியது, பிழை என்று சிவப்புப் புள்ளடி விழுந்தது. அதற்கு வேண்டியது 'மீன்' என்ற சொல். பாரையைப் பார்த்து யார் இங்கே மீன் என்கிறார்கள்? அவள் மறுபடியும் "பாரை" என்றாள். மறுபடியும் கத்தியது. போனைக் கவிழ்த்து வைத்தாள். அதன்பின் என்னோடும் வாய் திறக்கவில்லை.

பயந்துபோய்க் கிண்ணியாப் பெண்மணி குரல் செய்தியில் நல்லது என்று சொன்ன ஆப்பை இறக்கினேன். நாற்பத்தொரு பேர்தான் அதற்கு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். சத்தமில்லை, விளம்பரமில்லை. படங்களை நாமே எடுத்து, பெயரையும் நம் குரலிலேயே பதியலாம். தேத்தண்ணிக் கோப்பை, குசினியில் தண்ணி கொதிக்கிற கேத்தல், தெருவில் திரிந்து படலையடியில் வந்து நிற்கும் மான், சந்தையில் வாங்கிய பாரை என்று பத்தொன்பது படம் எடுத்தேன். இருபதாவது என்னுடையது. அதற்கு என் பெயரைப் பதிந்தேன்.

மெல்ல மெல்ல 'மான்' என்ற சொல் வந்தது, 'பாரை' திரும்பி வந்தது. என் படம் வந்தால் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். என்னை மறந்துவிட்டாளோ? கடைசியில் அந்தப் பெண்மணிக்கே சொல்லி அனுப்பினேன்.

பதில் குரல் செய்தி சிரிப்போடு வந்தது. பின்னால் அவர் கணவரின் இருமல். "என்ன சேர், கலியாணம் முடிச்சு எத்தின வருசம்?  ஒரு நாளாவது உங்கட பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்காவா? 'இஞ்சாருங்கோ' எண்டுதானே கூப்பிட்டிருப்பா? இப்ப மட்டும் சொல்லச் சொன்னா எப்பிடிச் சொல்லுவா? ஆப்ப மாத்தாதீங்க. பேர அழிங்க."

நாற்பத்தாறு வருடம். ஒரு தடவையும் இல்லை.

பெயரை அழித்தேன். அந்த இடத்தில் எதைப் பதிவது? அவள் கூப்பிடுவதை என் குரலில் பதிய ஏலாது. வெறுமையாக விட்டேன்.

இன்று காலை என் படம் வந்தது. அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இஞ்ச..." என்றாள். மிச்சம் வரவில்லை. போன் கத்தவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. உதடு இன்னொரு தரம் அசைந்து நின்றது. பிறகு விரலால் தட்டி அடுத்த படத்துக்குப் போனாள்.

"கேத்தல்" என்றாள், மிகத் தெளிவாக.